காணொலி காட்டும்; கை கற்கும்

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் கற்பிப்போர் அனைவரும் அறிந்த சிக்கல் ஒன்று உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கும் முறையை நான் செய்துகாட்டும்போது, மேசையைச் சுற்றி நிற்கும் ஐந்தாறு மாணவியருக்குத்தான் என் விரல்கள் தெரியும். பின்னால் நிற்பவர்களுக்கு முன்வரிசையின் முதுகுதான் தெரியும். தென்காசியில் என் வகுப்பறைக்குள் காணொலி வந்ததற்கு இதுவே காரணம்.

2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது, பாடநூல்களிலும் க்யூ.ஆர். குறியீடுகள் வந்தன. பாடத்தைத் திரையில் பார்ப்பது மாணவர்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் செய்முறைப் பாடத்தில், முழுக் காணொலியையும் ஒரே மூச்சில் பார்த்தவர்கள் "புரிந்தது டீச்சர்" என்பார்கள். கருவியைக் கையில் கொடுத்தால் தயங்குவார்கள். பார்த்ததைக் கைக்குக் கொண்டுவர நான் பின்பற்றும் முறை இது.

முதலில், ஒரு செய்முறையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறேன். நோயாளியை அமர்த்துதல், பட்டையைக் கட்டுதல், காற்றை ஏற்றி இறக்குதல், அளவைக் குறித்தல் என ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். கைப்பேசியைச் செய்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து பிடித்துப் படமெடுக்க வேண்டும். எதிரிலிருந்து எடுத்தால் இடமும் வலமும் மாறித் தெரிந்து குழப்பும்.

அடுத்து, ஒரு பகுதி முடிந்ததும் காணொலியை நிறுத்தி, இருவர் இருவராகச் செய்யச் சொல்கிறேன். அதன்பின் அவர்கள் கைகளை மட்டும் படமெடுத்து, சரிபார்ப்புப் பட்டியலுடன் அவர்களையே ஒப்பிட வைக்கிறேன். முகம் தெரியக் கூடாது; படம் வகுப்பைத் தாண்டக் கூடாது. மருத்துவமனைப் பயிற்சியில் நோயாளியைப் படமெடுக்கவே கூடாது.

இந்த ஒப்பீட்டில்தான் நுட்பமான பிழைகள் பிடிபடுகின்றன. சட்டைக் கையின் மேல் பட்டையைக் கட்டுவது, கையை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கவிடுவது, அளக்கும்போது பேச்சுக் கொடுப்பது ஆகியவை அளவைக் கூட்டிக் காட்டக்கூடியவை. அந்தத் தவறான எண்ணை நம்பி ஒருவருக்கு மருந்து மாறக்கூடும். சோப்பு போட்டுக் கைகழுவும் முறைக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நேரம் 40 முதல் 60 விநாடி. தங்கள் பதிவை ஓடவிட்டு நேரம் பார்க்கும்போது, கட்டைவிரலையும் விரல்நுனியையும் விட்டுவிட்டதை மாணவியரே கண்டுபிடிக்கிறார்கள்.

காணொலியால் முடியாததும் உண்டு. மணிக்கட்டில் நாடி விரலைத் தொடும் உணர்வைத் திரை தராது. பெரியவர்களுக்கு இதய இயக்க மீட்பு செய்கையில் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும். வேகத்தைக் காணொலி காட்டும். ஆழத்தைப் பயிற்சிப் பொம்மையில் அழுத்தித்தான் அறிய முடியும். அங்கே ஆசிரியர் அருகில் நின்றே ஆக வேண்டும்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் அருவிக்கரைகளில் கூட்டம் பெருகும். பாறையில் வழுக்கி விழுபவருக்கும், மயங்கிச் சரிபவருக்கும் முதலில் கிடைப்பது பக்கத்தில் நிற்பவரின் உதவிதான். அப்படி நிற்பவர் எங்கள் மாணவியாகவும் இருக்கலாம். அவளுக்கு இது மதிப்பெண்ணுக்கான பாடம் மட்டுமன்று.

செவிலியத்துக்கு மட்டுமான முறையன்று இது. தொடக்கப்பள்ளியில் கைகழுவுதல், வேதியியல் ஆய்வகத்தில் பருமனறி பகுப்பாய்வு, தையல் என எங்கும் பொருந்தும். ஒரு கைப்பேசி, இரண்டு நிமிடக் காணொலி, ஒரு சரிபார்ப்புப் பட்டியல் போதும். உங்கள் அடுத்த செய்முறை வகுப்பில் ஒரே ஒரு பகுதியை இப்படி நடத்திப் பாருங்கள்.