தெருமுனை போனுக்குத் தடை: 5ஜி வரை நீளும் ஒரு பழைய பஞ்சாயத்து

காசு போட்டுப் பேசும் தெருமுனை போன், அவசரத்துக்கு உதவும் வசதி. ஆனால், 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் அமெரிக்காவின் பல நகரங்கள் அதையே ‘பொதுத் தொல்லை’ என்று சொல்லிக் கட்டுப்படுத்தின. ஒரு போன் எப்படித் தொல்லையாகும்?

போன் என்ன தப்பு செய்தது?

1984-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, காயின் போன் தொழிலில் தனியாரையும் அனுமதித்தது. கடைக்காரருக்குக் கமிஷன் கொடுத்தால் போதும், கடைச் சுவரில் போனை மாட்டிவிடலாம். அதனால் போன்கள் பெருகின.

அதே காலத்தில் பேஜரும் பரவியது. போதைப்பொருள் வாங்குபவர், காயின் போனிலிருந்து வியாபாரியின் பேஜருக்கு அந்த போனின் நம்பரையே அனுப்புவார். வியாபாரி அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடுவார். யார் பேசினார்கள் என்பதற்குத் தடயம் குறைவு. போனைச் சுற்றிக் கூட்டம், இரவெல்லாம் சத்தம். அக்கம்பக்கத்தினர் நகர மன்றத்தில் புகார் கொடுத்தார்கள்.

என்னென்ன கட்டுப்பாடுகள்?

* உள்வரும் அழைப்பு ‘கட்’: வியாபாரி திருப்பிக் கூப்பிட முடியாது.
* பட்டனுக்குப் பதில் பழைய சுழற்றும் டயல்: பட்டன் ஒலி இல்லாமல் பேஜருக்கு நம்பர் அனுப்ப முடியாது.
* உரிமம் கட்டாயம்; புகார் வந்தால் போனையே கழற்றுவது.

பாதிக்கப்பட்டது யார்?

1990-களின் நடுவில் அமெரிக்காவில் சுமார் 6 சதவீத வீடுகளில் போனே கிடையாது. அவர்களில் பலர் ஏழைகள். வேலை கேட்டவருக்குக் ‘கூப்பிடுறோம்’ என்று சொன்னால், அந்த அழைப்பு வரவேண்டிய இடம் தெருமுனை போன்தான். உள்வரும் அழைப்பை நிறுத்தினால் வியாபாரியோடு சேர்ந்து இவர்களுக்கும் வழி அடைபட்டது.

5ஜி-க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் பார்க் நகரம், தன் மையக் கடைவீதியில் தனியார் இடங்களில் கட்டடத்துக்கு வெளியே காயின் போன் வைக்கத் தடை போட்டது. 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு இது எதிரானது என்று காயின் போன் நிறுவனங்களின் சங்கம் எஃப்சிசி-யிடம் முறையிட்டது. 1997-இல் எஃப்சிசி அதை ஏற்கவில்லை. ஆனால் ஓர் அளவுகோலை வகுத்தது: உள்ளூர் விதி, நிறுவனங்கள் நியாயமாகப் போட்டியிடுவதைக் கணிசமாகத் தடுக்கிறதா? தடுத்தால் அந்த விதி செல்லாது.

2018-இல் 5ஜி-க்கான சிறிய ஆன்டெனாக்களை நகரங்கள் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்ற கேள்வி வந்தபோது, எஃப்சிசி கையில் எடுத்தது இதே அளவுகோலைத்தான். அன்று நகரத்துக்குச் சாதகமாக முடிந்த வழக்கின் விதி, இப்போது நிறுவனங்களுக்குக் கைகொடுத்தது.

போன் போனதும் தொல்லை போனதா?

1999-இல் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேல் இருந்த காயின் போன்கள், 2016-இல் சுமார் 1 லட்சமாகச் சுருங்கின. ஊர் விதிகளைவிட செல்போன்தான் இதற்கு முக்கியக் காரணம்.

நியூயார்க்கில் காயின் போன்களுக்குப் பதிலாக 2016-இல் இலவச வைஃபை கம்பங்கள் வந்தன. அவற்றில் இணையம் பார்க்க டேப்லெட்டும் இருந்தது. சிலர் மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துவிட, மறுபடியும் அக்கம்பக்கத்தினர் புகார். அதே ஆண்டு செப்டம்பரில் அந்த இணைய வசதி நிறுத்தப்பட்டது. இலவச அழைப்பும் வைஃபையும் தொடர்ந்தன. சொந்தமாக ஸ்மார்ட்போன் வைத்திருப்பவருக்கு அதில் இழப்பில்லை, இல்லாதவருக்குத்தான் இழப்பு.