கல்லடைப்பு: கத்தி படாமல் தூர்வாரும் வழிகள்

கொல்கத்தாவின் காளிகாட் கோயிலை ஒட்டி ஆதி கங்கை என்ற கால்வாய் ஓடுகிறது. ஹூக்ளி ஆற்றின் பழைய தடம் இது. படகுகள் போய்வந்த இந்தத் தடம் வண்டல் படிந்து தூர்ந்துபோனது. 1770-களில் வில்லியம் டோலி என்ற ஆங்கிலேய அதிகாரி அதைத் தூர்வாரி மறுபடியும் படகு ஓட வழிசெய்தார். அருகிலுள்ள டோலிகஞ்சுக்குப் பெயர் வந்தது அவரால்தான்.

சிறுநீர்க்குழாயில் கல் சிக்கினால் இன்றைய மருத்துவம் செய்வதும் தூர்வாரும் வேலைதான். வயிற்றை நீளமாகக் கிழித்துக் கல்லை எடுத்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் "ஆபரேஷன்" என்ற சொல்லுக்குப் பயந்து மாதக்கணக்கில் வலியோடு காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையற்றது, தாமதம் ஆபத்தானது.

கல் எங்கே சிக்குகிறது?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயின் நீளம் 25 முதல் 30 செ.மீ. உள்விட்டம் 3 முதல் 4 மி.மீ. மட்டுமே. இதில் மூன்று இடங்கள் இன்னும் குறுகலானவை: சிறுநீரகத்தை விட்டு இறங்கும் இடம், இடுப்பில் பெரிய ரத்தக்குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். கல் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் மாட்டிக்கொள்ளும். குழாய் அதை வெளியே தள்ளச் சுருங்கிச் சுருங்கி விரியும். தேங்கிய சிறுநீரால் சிறுநீரகம் வீங்கும். விலாவில் சுருட்டிப் பிடித்துத் தொடை இடுக்கு வரை இறங்கும் அந்த வலி இப்படித்தான் பிறக்கிறது.

கல் எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு கெட்டி என்பதை சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டிவிடும். சிகிச்சையைத் தீர்மானிப்பதும் இந்த மூன்று விவரங்கள்தான்.

காத்திருக்கலாமா?

5 மி.மீ.க்கு உட்பட்ட கற்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தானாகவே வெளியேறிவிடுகின்றன. 5 முதல் 10 மி.மீ. வரையிலான கற்களில் பாதி அளவுக்கு வெளியேறலாம். காய்ச்சல் இல்லை, வலி மருந்துக்குக் கட்டுப்படுகிறது, சிறுநீரகம் நன்றாக இயங்குகிறது என்றால் நான்கு முதல் ஆறு வாரம் மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருக்கலாம். குழாயின் கீழ்ப்பகுதியில் உள்ள கல் இறங்குவதற்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளும் தருவார்கள்.

வாழைத்தண்டுச் சாறு குடிப்பதால் உடலுக்கு நீர் சேரும், அவ்வளவுதான். இறுகச் சிக்கிய கல்லை அது கரைத்துவிடும் என்று நம்பி நாளைக் கடத்தக் கூடாது. வலி நின்றுவிட்டதால் கல் போய்விட்டது என்றும் எண்ணக் கூடாது. வலியே இல்லாமல் அடைப்பு நீடித்து, சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாவது உண்டு. கல் வெளியேறியதை மறு ஸ்கேன் எடுத்து உறுதிசெய்வதே சரி.

வெளியிலிருந்து அதிர்வலை

விமானம் தயாரித்த ஜெர்மானிய நிறுவனமான டோர்னியரின் ஆய்வு, மருத்துவத்துக்கு எதிர்பாராத ஒரு கருவியைத் தந்தது. அதிர்வலையால் கல்லை உடைக்கும் அந்தக் கருவியைக் கொண்டு கிறிஸ்டியன் சோசியின் குழு 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தது.

நோயாளி மேசையில் படுத்திருப்பார். எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்டில் கல்லைக் குறிவைத்து ஆயிரக்கணக்கான அதிர்வலைகளைச் செலுத்துவார்கள். தோலில் கீறல்கூட விழாது. உடைந்த துகள்கள் சிறுநீரோடு வெளியேறும். ஆனால், கெட்டியான கல் ஒரே தடவையில் உடையாமல் போகலாம். சிகிச்சையை மறுபடியும் செய்ய வேண்டி வரலாம். கர்ப்பிணிகளுக்கும், ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும், சிறுநீரில் கிருமித்தொற்று உள்ளவர்களுக்கும் இது கூடாது.

உள்ளே போகும் லேசர்

இன்று அதிகம் கைக்கொள்ளும் வழி யூரிட்ரோஸ்கோப்பி. மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் வெளியேறும் வழியாகவே மெல்லிய உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி, சிறுநீர்ப்பையைக் கடந்து குழாய்க்குள் ஏறிக் கல்லை நேரில் பார்ப்பார்கள். ஹோல்மியம் லேசர் கல்லைப் பொடியாக்கும். துண்டுகளைச் சிறு கூடை போன்ற கருவியால் அள்ளிவிடலாம். குழாயின் கீழ்ப்பகுதியில் உள்ள கல் என்றால், பத்தில் ஒன்பது பேருக்கு ஒரே அமர்வில் தீர்ந்துவிடுகிறது. மேல்பகுதிக் கல்லுக்கு வளையும் உள்நோக்கி கைகொடுக்கும். பலர் மறுநாளே வீடு திரும்புகிறார்கள்.

ஆபத்தே இல்லாத சிகிச்சை என்று சொல்ல முடியாது. குழாயில் காயம் ஏற்படலாம், கிருமி பரவலாம், கல் மேலே நழுவிச் சிறுநீரகத்துக்குள் திரும்பலாம். அதனால்தான் முன்கூட்டியே சிறுநீரைப் பரிசோதித்து, தொற்று இருந்தால் அதை முதலில் சரிசெய்கிறார்கள்.

முதுகில் சிறு துளை

குழாயின் மேல்பகுதியில் நாள்பட இறுகிய பெரிய கல்லுக்கு, முதுகுப்புறம் ஏறக்குறைய ஒரு செ.மீ. துளையிட்டுச் சிறுநீரகத்தின் வழியே கல்லை எடுக்கலாம். 1976-ல் ஸ்வீடனின் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் எழுதிய அறிக்கையிலிருந்து வளர்ந்த முறை இது. லேப்ராஸ்கோப்பி மூலம் எடுப்பதும் உண்டு.

மறந்துபோகும் ஸ்டென்ட்

கல்லை எடுத்த பிறகு, வீக்கத்தால் குழாய் அடைத்துவிடாமல் இருக்க, இரு முனையும் சுருண்ட டிஜே ஸ்டென்ட்டை உள்ளே வைப்பது வழக்கம். அடிக்கடி சிறுநீர் முட்டுவது, லேசாக ரத்தம் கலப்பது, சிறுநீர் கழிக்கும்போது விலா வலிப்பது எல்லாம் இதனால் வரலாம். சில நாட்களிலோ சில வாரங்களிலோ இதை எடுத்துவிடுவார்கள். உடம்பு தேறியதும் இதை மறந்துவிட்டால், மாதங்கள் ஓட ஓட ஸ்டென்ட்டின் மேலேயே கல் படியும். அதை எடுப்பது முதல் சிகிச்சையைவிடக் கடினமாகிவிடும்.

ரயிலேறும் முன்

வங்காளத்திலிருந்து ஏராளமானோர் ஹவுராவில் ரயிலேறி, ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து, காட்பாடியில் இறங்கி வேலூருக்குச் சிகிச்சைக்கு வருகிறார்கள். தமிழ் மண்மீது அவர்கள் வைத்துள்ள நம்பிக்கை நமக்குப் பெருமைதான். ஆனால், எல்லாக் கல்லும் ரயில் பயணத்துக்குக் காத்திருக்காது. காளிகாட்டிலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிலையம் ரவீந்திர சதன். அதன் அருகிலேயே எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே யூராலஜி துறையும் உண்டு. லேக் மார்க்கெட் சுற்றுவட்டாரத்தில் வாழும் தமிழர்களுக்கும் அது எட்டும் தூரம்தான்.

விலா வலியோடு குளிர்காய்ச்சல், சிறுநீர் அறவே வராமை, ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு அடைப்பு, கர்ப்பிணிக்கு வலி: இவற்றில் எதுவானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடைப்போடு கிருமியும் சேர்ந்தால் அது உயிருக்கே உலை வைக்கும். அப்போது முதல் வேலை, ஸ்டென்ட் வைத்தோ முதுகுவழியே குழாய் செலுத்தியோ தேங்கிய சிறுநீரை வடிப்பது. கல்லைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்த கல்லைத் தூக்கி எறியாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள். அது எந்த வகை என்று தெரிந்தால் அடுத்த கல்லைத் தடுப்பது எளிது. நாள்தோறும் இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். ஒருமுறை கல் வந்தவர்கள் சித்திரை வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்து கோயில் வரிசையில் நிற்க வேண்டாம். ஸ்டென்ட் வைத்திருந்தால், அதை எடுக்க வேண்டிய தேதியை வீட்டு நாட்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள்.