நல்லவன் வட்டம், கெட்டவன் முக்கோணம்

சங்கரன்கோவிலில் எழுந்தருளியிருக்கும் சங்கரநாராயண மூர்த்தியைச் சித்திரக் கலையில் பற்றுடையவர் எவரேனும் நின்று நிதானமாகத் தரிசித்தால், வலப்பாகத்தில் ஜடையும் பிறையும் மழுவும் கொண்டு சிவனாகவும், இடப்பாகத்தில் மணிமகுடமும் சங்கும் பீதாம்பரமும் கொண்டு திருமாலாகவும் விளங்கும் அத்திருவுருவில், இரு பாகங்களையும் வேறுபடுத்துவன அணியும் ஆடையும் ஆயுதமுமேயன்றி, நிற்கும் நிலையோ முகத்தின் சாந்தமோ அல்ல என்பதைக் காண்பார். சிவபக்தனான சங்கன், விஷ்ணுபக்தனான பதுமன் என்ற இரு நாகராஜர்கள் தத்தம் தெய்வமே பெரிதென்று வாதிட, வழக்கைத் தீர்க்கக் கோமதியம்மை தவமியற்ற, இறைவன் இந்த வடிவத்தில் காட்சி தந்தான் என்பது தல வரலாறு; ஆண்டுதோறும் நடைபெறும் ஆடித்தபசு அந்த ஐதிகத்தின் திருவிழா. இரண்டு கட்சிகள் உள்ள வழக்கில், எந்தப் பக்கம் யாருடையது என்பதைக் கண்ட மாத்திரத்தில் தெரிவித்துவிட்டு, எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்பதைப் பற்றி மூச்சுவிடாமல் இருந்த அந்தச் சிற்ப மரபின் சாதுரியம் சாமானியமானதன்று.

நம் வீட்டுக் குழந்தைகள் கண்கொட்டாமல் பார்க்கும் அனிமேஷன் படங்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே ஒரு பாத்திரம் திரையில் தோன்றி வாய் திறப்பதற்கு முன்பே, அது நாயகனா வில்லனா என்ற தீர்ப்பு ஐந்து வயதுக் குழந்தைக்கும் எட்டிவிடுகிறது. இதில் மாயம் ஏதும் இல்லை. ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும் திரையில், கையால் வரைந்த உருவத்தை ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்த காலத்தில், நுணுக்கங்களைக் குறைத்து, புறக்கோட்டினாலேயே குணத்தைச் சொல்லியாக வேண்டிய நிர்ப்பந்தம் ஓவியனுக்கு இருந்தது. 1928இல் பிறந்த மிக்கி மௌஸ் தலை, காது, வயிறு எல்லாம் வட்டங்களால் ஆனவன். வட்டத்தைக் கண்டால் நமக்கு மழலையின் கன்னம் நினைவுக்கு வருகிறது, பயம் வருவதில்லை. சதுரம் உறுதியைக் காட்டும். கூரிய முனைகளுள்ள முக்கோணமோ கொம்பையும் நகத்தையும் பல்லையும் நினைவூட்டி, நம்மை அறியாமலே ஒரு படி பின்வாங்கச் செய்யும்.

இந்த இலக்கணத்தின் உச்சத்தைக் காண விரும்புகிறவர்கள் 1959இல் வெளிவந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ படத்தில் மார்க் டேவிஸ் என்ற ஓவியர் உருவாக்கிய மலெஃபிசென்ட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு கொம்புகள் உயர்ந்த தலையணி, வௌவாலின் சிறகைப் போல் விரிந்த கழுத்துப்பட்டி, தரையில் படர்ந்து மேலே குறுகும் கரிய அங்கி, அதன் உள்ளே ஊதா நிறம் என்று, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கூர்முனை நம்மை நோக்கி நிற்கும்படி அவளை அமைத்தார். அதே படத்தில் வரும் இளவரசனின் முகத்தை நினைவுகூரும்படி கேட்டால், பத்தில் ஒன்பது பேர் விழிப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். ‘அலாவுதீன்’ படத்தின் ஜாஃபரையும் ‘லயன் கிங்’ படத்தின் ஸ்காரையும் உருவாக்குவதில் தலைமை வகித்தவர் ஆண்ட்ரியாஸ் டேஜா என்ற ஒரே ஓவியர்தாம். ஒருவன் மனிதன், மற்றது சிங்கம் என்ற பேதமிருந்தும், மெலிந்த உடலும் நீண்ட முகமும் சரிந்த இமையும் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது தற்செயலன்று. நாயகனைச் செய்யும்போது கை கட்டுண்டு கிடக்கும் ஓவியன், வில்லனிடம் வந்ததும் விடுதலை பெற்றுவிடுகிறான்.

வெளிச்சம் விழும் திரையில் அசையும் சித்திரங்களைக் காட்டிக் கதை சொல்வது நம்மவருக்குப் புதிய வித்தையன்று. நெல்லை, குமரி வட்டாரங்களில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பத்தார் பரம்பரையாக நடத்திவந்த தோல்பாவைக் கூத்தில், பதப்படுத்திய ஆட்டுத்தோலில் வரைந்து, நகையும் ஆடையும் ஒளிரும்படி துளையிட்டு, வண்ணம் தீட்டிய பாவைகளை, பின்னால் விளக்கு எரியும் வெள்ளைத் துணியில் ஆட்டி, இரவிரவாக ராமாயணத்தைத் தமிழில் நிகழ்த்தினார்கள். அங்கும் அவசரம் உண்டு. ராமனை அவன் நிறத்தாலும், ராவணனை வரிசையாக விரிந்த தலைகளாலும், பாவை துணியில் ஒட்டிய கணத்திலேயே கடைசி வரிசையில் இருப்பவனும் அறிந்தாக வேண்டும். ஆனால் இந்த வகைக் கலைகள் முதிர்ந்த இடங்களில், கலைஞர்கள் வரைந்தது கட்சியை அன்று, குணத்தை என்று நான் கருதுகிறேன்.

கேரளத்துக் கதகளியில் ராவணன் கரிய பூதமாக வருவதில்லை; உத்தம நாயகர்களுக்கு உரிய பச்சை நிறத்தையே முகத்தில் பூசி, அதன்மேல் கத்திபோல் வளைந்த சிவப்புக் கோட்டையும், மூக்கிலும் நெற்றியிலும் வெண்ணிறக் குமிழ்களையும் இட்டு, குலமும் கல்வியும் வீரமும் உள்ளவனிடத்தில் அகந்தை புகுந்தது என்பதை முகத்திலேயே எழுதிவிடுகிறார்கள். வாலியும் சுக்ரீவனும் எதிரெதிர்க் கட்சிகள். வேஷமோ இருவருக்கும் ஒரே சிவப்புத் தாடி. ஜாவாவின் வாயாங் நிழற்பாவைகளில், குனிந்த தலையும் கூரிய மூக்கும் குறுகிய கண்ணும் உடைய அர்ஜுனன் சாந்த குணத்தவன். நிமிர்ந்த முகமும் பருத்த மூக்கும் உருண்ட கண்ணும் உடைய ராவணன் உக்கிர குணத்தவன். அதே உருண்ட கண், பெருத்த உடலுடன் பாண்டவர் பக்கத்தில் நிற்கிறான் பீமன். உருண்ட கண் அங்கே அடக்கமுடியாத வேகத்தின் அடையாளமேயன்றி, பாவத்தின் முத்திரை அன்று.

குணத்தைக் கைவிட்டுக் கட்சியை மட்டும் வரையத் தொடங்கும்போது, முதலில் பலியாவது நிறம். பரதமுனிவர் ரௌத்திரத்துக்குச் சிவப்பையும் பயானகத்துக்குக் கறுப்பையும் வகுத்தார் என்பது உண்மையே. ஆனால் அதே நாட்டியசாஸ்திரம் சிருங்காரத்துக்கும் சியாம வர்ணத்தையே கொடுத்தது. கரிய திருமேனியர்களான ராமனையும் கண்ணனையும் வணங்கும் நாட்டில், 2008 முதல் ஒளிபரப்பாகிவரும் ‘சோட்டா பீம்’ தொடரில், நாயகனை வம்புக்கிழுக்கும் காலியா அவனைவிடப் பருத்தவனாகவும் கறுத்தவனாகவும் இருப்பதை, வேடிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கறுத்த மேனியுள்ள குழந்தைகள் தங்களை எந்தப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்? இத்தனைக்கும், கோவில்பட்டியில் வாழ்ந்து சிவகாசி நாள்காட்டிகளுக்குத் தெய்வங்களை எழுதித்தந்த கொண்டையராஜுவும் அவர் சீடர்களும், நீல மேனியைச் சௌந்தரியத்தின் சிகரமாக நம் வீட்டுச் சுவர்களில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பாம்புக்கும் இதே கதி. ரட்யார்ட் கிப்ளிங் எழுதிய ‘ஜங்கிள் புக்’ கதைகளில் கா என்ற மலைப்பாம்பு சிறுவன் மௌக்ளிக்குத் துணைவன். குரங்குக் கூட்டத்திடமிருந்து அவனை மீட்கப் போகிறவர்களில் ஒருவன். 1967இல் டிஸ்னி அதைப் படமாக்கியபோது, சுழலும் கண்களால் மயக்கிச் சிறுவனை விழுங்கப் பார்க்கும் வில்லனாக மாறிவிட்டது அந்தப் பாம்பு. நாகராஜர்கள் இருவரை மகா பக்தர்களாகக் கொண்டாடி, புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் இட்டுக்கொள்ளும் சங்கரன்கோவில்காரர்களிடம் கதையைக் கொடுத்திருந்தால் கிப்ளிங் பிழைத்திருப்பார்.

நவீன காலத்திலும் விதிவிலக்குகள் உண்டு. 2001இல் ஜப்பானியர் ஹயாவோ மியாசாகி இயக்கிய ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தில் யுபாபா, ஸெனிபா என்று இரட்டைச் சகோதரிகள் வருகிறார்கள். பெருத்த தலை, தொங்கும் மூக்கு, நெற்றியில் மரு, உடை, நகை யாவும் இருவருக்கும் அச்சாக ஒன்றே. ஒருத்தி சிறுமியின் பெயரைப் பறித்துக்கொண்டு வேலை வாங்கும் பேராசைக்காரி. மற்றொருத்தி முதலில் அச்சுறுத்தினாலும், பின்னர் தன் குடிசையில் தேநீர் கொடுத்து, பாட்டி என்று அழைக்கச் சொல்பவள். சித்திரக்காரர் நமக்குக் கொடுக்க வேண்டிய துப்பை வேண்டுமென்றே கொடுக்காமல், நடத்தையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டார்.

இவை எல்லாவற்றையும் பற்றிப் பேசும்போது, நாயகனும் அல்லாத, வில்லனும் அல்லாத மூன்றாவது ஜாதியொன்றை அறிஞர்கள் மறந்துவிடுகிறார்கள். தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அங்க லக்ஷணம் எதுவும் பொருந்தாத கோமாளி உருவங்கள். கூட்டம் அதிகம் சிரிப்பதும் விரும்புவதும் அவர்களைத்தான். ஜாவாவில் அவர்களுடைய சகோதரன் ஸெமார் என்ற பணியாள். தொந்தியும் அடக்கமாட்டாத பின்புறமும் கொண்ட அந்தக் கிழவன், அரசகுமாரர்களுக்குச் சோறு சுமந்து, அவர்கள் அகந்தை கொள்ளும்போது கேலிசெய்து அடக்குபவன். அவன் யாரென்றால், சிவபெருமானாகவே கருதப்படும் பட்டார குருவுக்கு மூத்தவன் என்று அந்நாட்டார் சொல்வார்கள்.