பத்துப் பேர் இல்லாத கோயில்
கொச்சி யூதர்களின் கதை

கொச்சியில் மட்டாஞ்சேரி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே மகாராஜாவின் பழைய அரண்மனையை ஒட்டி ஒரு யூதர் கோயில். கட்டிய ஆண்டு 1568.

உள்ளே போனால் கண் கூசும். மேலே கண்ணாடி விளக்குகள் தொங்குகின்றன. கீழே சீனாவிலிருந்து கப்பலில் வந்த நீலப் பூ ஓடுகள். எல்லாம் கையால் வரைந்தவை. அந்தத் தரையை மிதிக்கச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். மற்ற நாட்டு யூதர்களில் பெரும்பாலோரிடம் இந்த வழக்கம் இல்லை. நம் பக்கத்துக் கோயில் வழக்கம் அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது!

எல்லாம் இருக்கிறது. ஆனால் பூரணமான வழிபாடு நடத்த ஆள் இல்லை.

யூத மதத்தில் ஒரு விதி உண்டு. கூட்டு வழிபாட்டுக்குப் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் போதாது. பழமையான முறையைப் பின்பற்றும் கோயில்களில் பெண்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பத்துப் பேர் கூடாவிட்டால் சில முக்கியமான பிரார்த்தனைகளைச் சொல்ல முடியாது. இறந்தவர்களுக்காகச் சொல்லும் பிரார்த்தனையும் அவற்றில் ஒன்று.

ஒரு காலத்தில் கேரளத்தில் இப்படி எட்டுக் கோயில்கள் இருந்தன. எட்டிலும் பத்துப் பேருக்குப் பஞ்சமே இல்லை. அவர்களெல்லாம் எங்கே போனார்கள்?

ராஜா கொடுத்த செப்பேடு

யூதர்கள் உலகத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1492இல் ஸ்பெயின் நாடு அவர்களைத் துரத்தியது. இருபதாம் நூற்றாண்டில் ஹிட்லர் சுமார் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்று குவித்தான்.

கேரளத்தில் அந்தக் கதையே வேறு. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாஸ்கர ரவிவர்மன் என்ற அரசர், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு ஒரு செப்பேடு கொடுத்தார். அதில் 72 உரிமைகள். பல்லக்கில் போகலாம். குடை பிடிக்கலாம். பகலிலும் விளக்கு ஏந்தி வரலாம். நடக்கும் வழியில் துணி விரித்துக் கொள்ளலாம். அந்தக் காலத்தில் இவையெல்லாம் பெரிய மனிதர்களுக்கு மட்டுமே உரியவை. செப்பேட்டில் உள்ள எழுத்து, பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் காணும் அதே வட்டெழுத்து!

இடையில் போர்ச்சுகீசியர் தொல்லை கொடுத்தார்கள். 1662இல் மட்டாஞ்சேரிக் கோயிலையும் பாழாக்கினார்கள். டச்சுக்காரர்கள் வந்த பிறகு கோயில் மீண்டும் எழுந்தது. உள்ளூர் அரசரும் அக்கம்பக்கத்து ஜனங்களும் பெரும்பாலும் யூதர்களிடம் பகை பாராட்டியதில்லை.

ஆகவே இந்தச் சமூகம் சுருங்கியது யாரும் அடித்து விரட்டியதால் அல்ல.

தங்களுக்குள்ளேயே சுவர்

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். கொச்சி யூதர்கள் தங்களுக்குள்ளேயே பிரிந்து கிடந்தார்கள்.

முதலில் வந்து நிலைத்தவர்கள் மலபார் யூதர்கள். பெரும்பான்மை அவர்கள்தான். பின்னால் ஸ்பெயினிலிருந்தும் மற்ற தேசங்களிலிருந்தும் வந்தவர்கள் பரதேசி யூதர்கள். நாம் இன்று ஏசுவதற்குச் சொல்கிறோமே, அந்தப் பரதேசி அல்ல. வேறு தேசத்திலிருந்து வந்தவர் என்ற நேரான பொருளில் வைத்த பெயர். மட்டாஞ்சேரிக் கோயில் இவர்களுடையது. மூன்றாவதாக, அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் பரம்பரை.

மூவருக்கும் ஒரே வேதம், ஒரே ஓய்வு நாள். ஆனால் பரதேசிகள் மற்றவர்களோடு கலியாண சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். விடுதலை பெற்றவர்களின் வாரிசுகளுக்குக் கோயிலில் ஆசனம்கூடக் கிடையாது. வாசல் பக்கம் தரையில்தான் உட்காரவேண்டும். நாட்டில் இருந்த ஜாதி வழக்கம் இவர்களையும் விடவில்லை.

இதை எதிர்த்து எழுந்தவர் ஏ. பி. சேலம் என்ற வக்கீல். அவரும் விடுதலை பெற்றவர்களின் வழியில் வந்தவர். காந்தியடிகளின் வழியைப் பின்பற்றிக் கோயிலுக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். "யூத காந்தி" என்று பெயர் வாங்கினார். அவருடைய போராட்டத்தால் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

ஆனால் காலம் கடந்துவிட்டது. சில குடும்பங்களே உள்ள சமூகம் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் எத்தனை தலைமுறை ஓடும்? பலர் கலியாணம் ஆகாமலே முதுமை அடைந்தார்கள். பின்னாளில் பரதேசிகள் பத்துப் பேரைக் கூட்ட முடியாமல் திண்டாடியபோது, எர்ணாகுளத்திலிருந்து மலபார் யூதர்களை வரவழைத்தே எண்ணிக்கையைச் சரிக்கட்டினார்கள்!

புண்ணிய பூமியை நோக்கி

1948இல் இஸ்ரேல் நாடு பிறந்தது. அப்போது கொச்சி யூதர்கள் சுமார் 2,400 பேர். எருசலேமுக்குத் திரும்ப வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பிரார்த்தனை செய்தவர்கள் அவர்கள். வழி திறந்ததும் புறப்படத் துடித்தார்கள். சொத்தை விற்றுவிட்டுக் காத்திருந்தார்கள்.

இஸ்ரேல் உடனே கூப்பிடவில்லை. கொச்சிப் பக்கம் யானைக்கால் நோய் உண்டு. அது தங்கள் நாட்டில் பரவிவிடுமோ என்ற பயம். சேலம் நேரில் இஸ்ரேலுக்குப் போய் வாதாடினார். 1950களின் நடுவில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தார்கள். எல்லோருக்காகவும் பேசிய சேலம் மட்டும் கொச்சியை விட்டுப் போகவில்லை. 1967இல் சொந்த ஊரிலேயே காலமானார்.

மாலா என்ற ஊரில் யூதர்கள் தங்கள் கோயிலைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். சேந்தமங்கலம், பரவூர் கோயில்கள் இப்போது அரசாங்கப் பாதுகாப்பில் காட்சிசாலைகள். மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் கோயிலின் மர வேலைப்பாடுகளைக் கழற்றி எருசலேம் காட்சிசாலையில் பொருத்தினார்கள். கொச்சியில் மிஞ்சிய கட்டடம் 2019ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்தது.

பரதேசிகளில் பலர் வியாபாரத்தையும் சொத்தையும் விட முடியாமல் தங்கினார்கள். 1968இல் அவர்கள் கோயிலின் 400ஆவது ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். தபால் தலையும் வெளியாயிற்று. பிறகு இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யூதர் தெருவில் தையல் பூவேலைக் கடை வைத்திருந்த சாரா கோஹன் பாட்டி 2019இல் தமது 96ஆம் வயதில் மறைந்தார். முதிய வயதில் அவரை மகனைப்போல் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் அன்பர். 2024இல் குவீனி ஹலேகுவா அம்மையார் காலமானபோது, கொச்சிப் பரதேசிகளில் மிஞ்சியவர் ஒரே ஒருவர்.

பாலைவனத்தில் பூ

இஸ்ரேலுக்குப் போனவர்கள் சுகமாக இருக்கிறார்களா?

முதலில் கஷ்டம்தான். தென்னையும் காயலும் பார்த்து வளர்ந்தவர்களை நெவாத்தீம் போன்ற வறண்ட பூமியில் குடியேற்றினார்கள். கடை வைத்துப் பிழைத்தவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். பாலை நிலத்தில் பூப்பயிர் வளர்த்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். கொச்சிக் கோயிலின் மாதிரியில் அங்கேயும் ஒரு கோயில் கட்டினார்கள். அங்கே பத்துப் பேருக்குக் குறைவில்லை!

ஆனால் வேறொரு கவலை வந்தது. கொச்சியில் அவர்கள் யூதர்கள். இஸ்ரேலில் பெரும்பாலோர் யூதர்கள்தானே? அங்கே இவர்கள் "கொச்சிக்காரர்கள்". மற்ற நாடுகளிலிருந்து வந்த யூதர்களோடு பிள்ளைகள் கலியாணம் செய்துகொள்கிறார்கள். வீட்டில் எபிரேய மொழி. மதம் நிலைத்துவிட்டது, மலையாளம்தான் நழுவுகிறது.

அந்த மலையாளத்தில்தான் அவர்களுடைய பொக்கிஷம் இருக்கிறது. கொச்சி யூதப் பெண்கள் கலியாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாடுவார்கள். வேதக் கதைகள் உண்டு. மணமகளை வாழ்த்தும் பாட்டு உண்டு. கிளிப் பாட்டும் உண்டு. ஆண்கள் கூடியிருக்கும் சபையிலும் கூச்சமின்றிப் பாடுவார்கள். பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, தாய் மகளுக்குக் கொடுப்பாள்.

இஸ்ரேலுக்குப் புறப்பட்டபோது அந்த நோட்டுகளும் கூடவே போயின. இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தியக் கடற்படையில் பணியாற்றிய ரூபி டேனியல் என்ற கொச்சி யூதப் பெண்மணி, முதிய வயதில் இஸ்ரேலில் உட்கார்ந்து இந்தப் பாட்டுகளை மொழிபெயர்த்தார். ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகப் போய் நோட்டுகளைத் தேடினார்கள். பாட்டிகளைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். 2005இல் பல பாட்டுகள் மலையாளமும் எபிரேயமுமாக ஒரே புத்தகத்தில் வெளிவந்தன.

பாட்டிகளுக்கு மலையாளப் பக்கம் போதும். பேத்திகளுக்கு எபிரேயப் பக்கம் வேண்டும்.