பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

மாநில அரசு ஒன்று மின்னணுத் தொழிலுக்கென நிறுவிய நாட்டின் முதல் நிறுவனமாகிய கெல்ட்ரான், 1973இல் திருவனந்தபுரத்தில் தோன்றியது. ஆயினும் அந்நகரில் மின்னணுக் கருவிகளுக்குப் பகை இரண்டு உண்டு. ஒன்று கடற்காற்றின் உப்பீரம். மற்றொன்று, துலாவர்ஷம் என அங்கு வழங்கும் ஐப்பசி மழையின் இடியும் மின்னலும்.

ஆலையொன்றில் மோட்டாரின் வேகத்தை ஆளும் டிரைவ் நின்றுவிட்டதெனக் கொள்வோம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிர்கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். தயாரிப்பாளர் குறித்த நேரம் காத்திருந்து, அழுத்தம் அடங்கியதை அளந்தறிந்த பின்னரே உள்ளே கை வைத்தல் வேண்டும்.

அதன்பின் கண்ணும் மூக்குமே முதற் கருவிகள். உப்பிய மின்தேக்கி, கருகிய வாடை, பச்சை பூத்த செம்புத் தடம் ஆகியவை பழுதின் இடத்தைக் காட்டும். மின்தேக்கி மட்டும் கெட்டிருப்பின் மாற்றுதல் எளிது, செலவும் சிறிது. ஆனால் அது ஏன் கெட்டது? வெப்பம் 10 பாகை உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். தூசியடைத்த விசிறியைக் கவனியாமல் புதியது பொருத்தினால், பழுது திரும்பவும் வரும்.

மின்னல் பாய்ந்து பலகையே கரியாகியிருந்தாலோ, உப்பு அதன் அடுக்குகளுக்குள் புகுந்திருந்தாலோ பழுது பார்த்தல் வீண். இன்று ஓடும், நாளை நின்றுவிடும். பாரந்தூக்கியை இயக்கும் கருவியாயின் கீழே நிற்பவரின் உயிருக்கே இடர்.

ஆகவே உதிரியின் விலையை மட்டும் நோக்காது, ஆலை நிற்கும் நாட்களின் இழப்பையும் மீண்டும் கெடும் வாய்ப்பையும் சேர்த்து எண்ணிப் பார்ப்போமாக.