உங்களுக்குத் தெரியுமா? தப்பு செய்த பிள்ளைக்குத் தண்டனையா, சிகிச்சையா?

உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899-இல் சிகாகோவில் தொடங்கியது. தண்டிப்பதல்ல, திருத்துவதே அதன் நோக்கம். ஆனால் நல்ல நோக்கமும் சில நேரம் வம்பில் முடியும். 1964-இல் அரிசோனாவில் போனில் ஆபாசமாகப் பேசியதாகப் பிடிபட்ட 15 வயதுப் பையனை, வக்கீலே இல்லாமல் விசாரித்து, 21 வயது வரை 'திருத்தி' எடுக்க சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அதையே பெரியவர் செய்திருந்தால் 50 டாலர்வரை அபராதம் அல்லது அதிகபட்சம் 2 மாதச் சிறைதான்! சிறாருக்கும் வக்கீல் உரிமை உண்டு என்று 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஸ்காட்லாந்தில் 1971 முதல் பெரும்பாலான சிறார் வழக்குகள் நீதிமன்றப் படியே ஏறுவதில்லை. பயிற்சி பெற்ற மூன்று தன்னார்வலர்கள் பிள்ளையோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். திருடிய பிள்ளைக்கும், கவனிப்பாரின்றித் தவிக்கும் பிள்ளைக்கும் அதே குழுதான்.

1996 வாக்கில் கலிஃபோர்னியாவின் மாநிலச் சிறார் சிறைகளில் சுமார் 10,000 பேர் இருந்தார்கள். அடிதடி, தனிமைச் சிறை, மனநலச் சிகிச்சைக் குறைபாடு என்று புகார்கள் குவிந்து 2003-இல் வழக்காயின. 2023 ஜூன் 30 அன்று அந்தச் சிறைகள் மூடப்பட்டு, பொறுப்பு மாவட்டங்களுக்குப் போனது. மாவட்டங்களுக்கு வழிகாட்டும் புதிய அலுவலகம் சிறைத்துறையில் இல்லை. சுகாதாரத் துறையின் கீழ் இருக்கிறது. அதற்குள் கைதட்ட வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் இரண்டு சிறார் காப்பகங்கள் பிள்ளைகளை வைத்திருக்கவே தகுதியற்றவை என்று அதே ஆண்டு மே மாதம் மாநில வாரியம் அறிவித்திருந்தது. துறையை மாற்றுவது சுலபம், வார்டனை மாற்றுவதுதான் கஷ்டம்.

இனி நம் ஊருக்கு வருவோம். பிரிட்டிஷ் இந்தியாவில் சிறாருக்கெனத் தனிச் சட்டம் முதலில் வந்தது எங்கே? நம் சென்னை மாகாணத்தில், 1920-இல்!

இன்றைய 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு சமூகப் பணியாளர்களும் உண்டு. அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றமானாலும், சில விதிவிலக்குகள் தவிர, பிள்ளைக்கு ஜாமீன்தான். கண்டித்து வீட்டுக்கு அனுப்புவது முதல் சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு வைப்பது வரை குழுமம் உத்தரவிடலாம். கவுன்சலிங், மனநலச் சிகிச்சையையும் சட்டமே குறிப்பிடுகிறது.

ஆனால் 16 முதல் 18 வயதுள்ளவர் கொடுங்குற்றத்தில் சிக்கினால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று அவரது மனநிலையை முதலில் மதிப்பிட வேண்டும். இதை உளவியல் படிக்காதவர்கள் எப்படிக் கணிப்பது? குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு ஆண்டு தாமதம்!

குழுமம் விசாரித்து முடித்த வழக்கால் பின்னாளில் அந்தப் பிள்ளைக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலமும் உரிய கெடுவும் முடிந்ததும் தீர்ப்புக் கோப்பையே அழித்துவிட வேண்டும். பெரியவரைப் போல விசாரித்துக் குற்றவாளி எனத் தீர்ப்பான 16 வயது கடந்தவருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.