அரிவாள் அணு

கோயம்புத்தூரினின்று வடக்கே நோக்கின் நீலகிரி தோன்றும். அம்மலைப் பழங்குடிகள் சிலரிடம் அரிவாளணுக் குறி இருத்தலை 1952-ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்போர் வெளியிட்டனர்.

இவ்வியாதி பிறப்பது எங்ஙனம்? இரத்தத்துக்குச் செந்நிறமளிக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா இழையில், ஆறாம் இடத்துக் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் நிற்கின்றது. பிழை இவ்வளவே. பிராணவாயுவை இழந்ததும் அம்மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நார்களாகின்றன. வட்டமான அணு அரிவாள்போல் வளைந்து விறைத்து நுண்குழாய்களை அடைக்கின்றது. மூளையில் அடைப்பின் பக்கவாதம். எலும்பில் அடைப்பின் பொறுத்தற்கரிய நோவு.

ஒருவரிடமிருந்து மட்டும் இக்குறியைப் பெற்றோர் பெரும்பாலும் சுகமாயிருப்பர். தாய் தந்தை இருவரிடமும் இருப்பின், ஒவ்வொரு மகவுக்கும் நாலில் ஒரு பங்கு அபாயமுண்டு. ஆதலின் விவாகத்துக்கு முன் இரத்தப் பரீட்சை நன்று. நோவால் வகுப்புக்கு வாராத மலைப்பிள்ளையைச் சோம்பேறியென்று நாம் பழியாதிருப்போமாக.